ரேட் கட்டம் காலியாக இருக்கும் சீட்டு: மாங்கூழ் ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கிருஷ்ணகிரி மாவட்ட மாங்கூழ் ஆலை உரிமையாளர்கள், கொள்முதல் மேலாளர்கள்.

ஐயா,

போன வாரம் உங்களில் ஒரு ஆலையின் கொள்முதல் மேலாளர் எங்கள் மண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று வரி போட்டார். இந்த சீசனில் கூழுக்குப் போகும் பெங்களூரா ரக மாங்காய்க்கு முன்கூட்டி ரேட் சொல்வதில்லை. லோடு இறங்கி, பழுத்து, வெட்டிப் பார்த்த பிறகுதான் ரேட். பணம் 90 நாள் கழித்து. மறுநாளே இன்னும் இரண்டு ஆலைகள் "எங்களுக்கும் இதுதான்" என்று எழுதின. அந்தக் குழுவில் ஒருவர்கூட பதில் போடவில்லை. வழக்கமாக வரும் கும்பிடு படம்கூட வரவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சந்தூர் பக்கம் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். என் அப்பா ஆரம்பித்தது. இருபத்திரண்டு வருஷமாக நான் பார்க்கிறேன். சுற்றுவட்டாரத்தில் எழுபது எண்பது தோப்புக்காரர்கள் என்னிடம் காய் போடுகிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு இரண்டு ஏக்கருக்கு மேல் கிடையாது. உங்கள் ஆலைகள் நான்குக்கு நான் காய் அனுப்பியிருக்கிறேன். அதனால் வெளியிலிருந்து குறை சொல்கிறவன் இல்லை. உங்கள் கேட்டில் எத்தனையோ ராத்திரி படுத்துக் கிடந்தவன்.

கடந்த சீசனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். 2025 ஜூனில் பெங்களூரா விலை விழுந்தது எல்லாருக்கும் தெரியும். ஆந்திராவில் ஆலைக்காரர்கள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும், ஆக 12 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதோடு வெளிமாநிலக் காய் சித்தூருக்குள் வரக் கூடாது என்று தடுத்தார்கள். கர்நாடகத்தில் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று கணக்கு வைத்து, இரண்டரை லட்சம் டன் வரைக்கும் விலை வித்தியாசத்தை ஈடுகட்ட மத்திய அரசு ஒப்புக்கொண்டது. இரண்டு பக்கமும் வேலி போட்ட மாதிரி ஆகி, நடுவில் நம் மாவட்டத்துக் காய்க்கு உங்கள் கேட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லாமல் போனது. என் மண்டியில் கிலோ 5 ரூபாய்க்கும் கீழே போட்ட நாட்கள் உண்டு. பறி கூலி, ஏற்றுக் கூலி, வண்டி வாடகை போனால் தோப்புக்காரர் கையில் நின்றது இரண்டு ரூபாய். சிலர் பறிக்காமலே விட்டார்கள். மரத்தடியில் பழுத்து விழுந்து ஈ மொய்த்துக் கிடந்ததை நீங்களும் சாலையில் போகும்போது பார்த்திருப்பீர்கள்.

விலை விழுந்ததற்கு உங்கள் மேல் பழி போட நான் வரவில்லை. முந்தின வருஷத்துக் கூழ் டிரம் டிரம்மாக உங்கள் கிடங்கில் நின்றது. செங்கடலில் 2023 கடைசியில் தாக்குதல் தொடங்கியதிலிருந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. சரக்குக் கூலி ஏறியது, நாட்கள் கூடின. நம் கூழ் போவது சவுதிக்கும் ஏமனுக்கும் நெதர்லாந்துக்கும். அங்கே வாங்குகிறவன் கையை இறுக்கினால் இங்கே உங்கள் பாய்லர் அணைகிறது. வங்கிக் கடனுக்கு வட்டி அது பாட்டுக்கு ஓடுகிறது. இதெல்லாம் எங்களுக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள். புரியும். ஆனால் இதில் ஒன்றைக்கூட உங்கள் வாயால் நாங்கள் கேட்கவில்லை. காய் பறித்து, வண்டி ஏற்றி, உங்கள் கேட்டில் நிறுத்திய பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

ஜூன் மாதத்தில் ஒரு லோடு. சொந்த எடைமேடையில் 9,200 கிலோ. கிளம்பும் முன் ஆலைக்குப் போன் செய்து கேட்டேன். "ஆறு ரூபாய் போகுதுண்ணா, அனுப்புங்க" என்றார் பையன். அந்த வார்த்தையை நம்பி நான் ஐந்து தோப்புக்காரர்களுக்கும் அதே ஆறு ரூபாய் சொன்னேன். கேட்டில் வண்டி நின்றது இரண்டு ராத்திரி, ஒன்றரைப் பகல். எனக்கு முன்னால் நாற்பது வண்டிக்கு மேல். இரண்டாம் நாள் மதியம் ஈச்சர் லாரியின் பின்பக்கக் கதவு இடுக்கிலிருந்து சாறு சொட்டத் தொடங்கியது. தார் ரோட்டில் விழுந்து, வெயிலில் காய்ந்து, கருப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. டிரைவர் வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார். அவர் காலில் தேனீ உட்கார்ந்து எழுந்தது. கீழ் அடுக்கில் இருந்த காய் மேல்பாரத்தில் நசுங்க ஆரம்பித்துவிட்டது என்று அந்த வாசனையிலேயே தெரிந்தது. தோப்புக்காரர் ஒருவர் மணிக்கொரு தரம் போன் செய்தார். "அண்ணா, இறக்கிட்டாங்களா?" இதைத் தவிர வேறு கேள்வி அவரிடம் இல்லை.

இறக்கும்போது எடை 8,740. அதில் நூற்றுக்கு எட்டு கழிவு. ரேட் நாலரை என்றார்கள். கணக்கு 36,000 ரூபாய்ச் சொச்சத்தில் வந்து நின்றது. நான் தோப்பில் கொடுத்த வாக்குப்படி 55,200 ஆகியிருக்க வேண்டும். வண்டியை இரண்டு ராத்திரி நிறுத்தியதற்கு டிரைவருக்குத் தனி. மிச்சத்தை என் கையிலிருந்து போட்டேன். உங்களிடமிருந்து பணம் வந்தது கார்த்திகை தீபம் கழித்து.

அந்த லோடுக்கு உங்கள் கேட்டில் கொடுத்த ரோஸ் கலர் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வண்டி எண், நேரம், காய் வகை, எடை எல்லாம் பால்பாயிண்ட் பேனாவில் அழுத்தி எழுதியிருக்கிறது. ரேட் என்ற கட்டத்தில் மட்டும் ஒரு சின்ன கோடு. போன சீசனில் அப்படிக் கோடு போட்ட சீட்டு பதினோரு எண்ணம் சேர்ந்தது. மேசை டிராயரில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். இப்போது வாட்ஸ்அப்பில் வந்த மூன்று வரி, போன வருஷம் அவசரத்தில் போட்ட அந்தக் கோட்டை இந்த வருஷம் முறையாகவே ஆக்கிவிட்டது. அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

குறைந்த ரேட்டைத் தாங்கிவிடுவோம். எத்தனையோ வருஷம் தாங்கியிருக்கிறோம். மாசியில் "இந்த வருஷம் நாலு ரூபாய்தான்" என்று சொல்லுங்கள். தோப்புக்காரர் ஒரு மருந்தைக் குறைப்பார். குத்தகைக்காரர் குத்தகையைக் குறைத்துப் பேசுவார். நான் ஊறுகாய்க்காரரிடமும் வடநாட்டு வியாபாரியிடமும் முன்னாலேயே போவேன். கடன் வாங்குகிறவர் கொஞ்சம் குறைவாக வாங்குவார். தெரியாத ரேட்டை வைத்துக்கொண்டு இதில் எதையும் செய்ய முடியாது. பறிக்கிற நாளில்தான் தெரியும் என்றால், அன்றைக்குப் பறிப்பதா விடுவதா என்ற ஒன்றைத் தவிர தோப்புக்காரர் கையில் முடிவெடுக்க எதுவும் மிஞ்சாது.

உங்கள் சரக்குக்கும் எங்கள் சரக்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கிருமி நீக்கி டிரம்மில் அடைத்த கூழ் குளிர்சாதனம் இல்லாமலே ஒன்றரை வருஷம் நிற்கும். பறித்த காய் ஒரு வாரம் தாங்கினால் பெரிது. காலம் உங்கள் பக்கம் நிற்கிறது. காத்திருக்க முடிந்தவர் காத்திருக்க முடியாதவரிடம் "பிறகு சொல்கிறேன்" என்று சொன்னால், நஷ்டம் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்கிறது. நிலவரம் யாருக்கும் தெரியாத காலம்தான் இது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்குத் தெரிந்த அளவு எங்களுக்குத் தெரியாது. கிடங்கில் எத்தனை டிரம் நிற்கிறது, கையில் எவ்வளவு ஆர்டர் இருக்கிறது என்பது மாசியிலேயே உங்களுக்குத் தெரியும்.

அப்பா காலத்தில் இப்படி இல்லை. பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சமயம், ஒரு பங்குனி மாத ராத்திரியில் ஒரு ஆலை முதலாளி தன் அம்பாசிடரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "போன வருஷ டின் இன்னும் பாதி நிக்குது. இந்த வருஷம் பெங்களூரா முந்நூறு டன்னுக்கு மேல என்னால முடியாது. பணமும் பாதி உடனே, பாதி ஆடி பதினெட்டுக்கு அப்புறம். இஷ்டம்னா குடுங்க, இல்லேன்னா மனஸ்தாபம் இல்ல." அப்பா மறுநாள் காலையில் சைக்கிளில் தோப்பு தோப்பாகப் போய் அதையே சொன்னார். ஒருத்தர்கூட விலகவில்லை. ஆடி பதினெட்டு முடிந்து நாலாம் நாள் பணம் வந்தது. அதற்குப் பின் அந்த ஆலை மூடும்வரை எங்கள் மண்டியின் முதல் லோடு அங்கேதான் போகும், பக்கத்து ஆலை கால் ரூபாய் கூடக் கொடுத்தாலும். அன்றைக்கு அவர் கொடுத்தது நல்ல விலை இல்லை. கெட்ட செய்தியை நேரில் வந்து, நேரத்தோடு சொன்னார். அவ்வளவுதான்.

எங்கள் பக்கத் தப்பையும் மறைக்கப் போவதில்லை. சில வருஷம் முன்பு காய் குறைந்த சீசனில் உங்களில் ஒருவரிடம் 60 டன்னுக்கு ஒன்றரை லட்சம் முன்பணம் வாங்கினேன். 35 டன் கொடுத்தேன். நடுவில் ஆந்திர புரோக்கர் கிலோவுக்கு மூன்று ரூபாய் கூடச் சொன்னார். மிச்சம் 25 டன்னை அவருக்கு ஏற்றினேன். எழுபத்தைந்தாயிரம் கூடக் கிடைத்தது. ஆவணியில் முன்பணத்தில் பாக்கியை வட்டியில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்த மேலாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த சீசனில் என் வண்டியை, பேர் தெரியாதவன் வண்டி மாதிரி வரிசைக் கடைசியில் நிறுத்தினார். அவர் செய்தது நியாயம். அவருடைய பாய்லர் அந்தப் பத்து நாள் காய் இல்லாமல் நின்றதற்கு நானும் ஒரு காரணம். எங்களில் சிலர் முற்றாத காயை அடியில் போட்டு மேலே நல்ல காயைப் பரப்புவதும், தடை செய்யப்பட்ட கார்பைடு கல்லை வைத்து நிறம் ஏற்றுவதும் எனக்குத் தெரியாததல்ல. கல் வைத்த பழம் வெளியே மஞ்சளாக இருக்கும், உள்ளே இனிப்பு ஏறியிருக்காது. பெங்களூராக் கூழுக்கு இனிப்பின் அளவு 14 பிரிக்ஸ் இல்லை என்றால் வாங்குகிறவன் திருப்பி அனுப்புவான், அந்த டிரம்களின் நஷ்டம் உங்கள் தலையில். உங்கள் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள நீங்கள் வைத்திருக்கும் வழி சரியில்லை. இறக்கும்போது காய் பச்சையாக இருக்கும், பிரிக்ஸ் பார்க்க முடியாது. பழுக்கவைத்து வெட்டும்போதுதான் தெரியும். அப்போது நாங்கள் அங்கே இல்லை. பத்து நாள் கழித்துப் போன் வரும்: "பிரிக்ஸ் பத்தலண்ணா, இன்னும் அஞ்சு பர்சென்ட் கழிவு." எந்த லோடில், எத்தனை வந்தது, யார் பார்த்தார்கள்? பதில் கிடையாது. நல்ல காய் கொடுத்தவருக்கும் அடியில் பிஞ்சு போட்டவருக்கும் ஒரே கழிவு. அப்படியென்றால் நல்ல காய் கொடுப்பதில் அவருக்கு என்ன லாபம்? தரத்தைக் காப்பாற்றப் போடும் கழிவே தரத்தைக் கெடுக்கிறது என்பதை நீங்கள் யோசிக்க வேண்டும்.

90 நாள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு டின், டிரம், அட்டைப்பெட்டி செய்து தருகிற சிறு தொழிற்சாலைக்காரர்களுக்கு 2006-ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு 2024 ஏப்ரலில் வந்தபின், அவர்களுக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கிற வருஷம் வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது. அதனால் மார்ச் மாதம் வந்தால் அவர்கள் பாக்கியை நீங்கள் தேடித் தேடித் தீர்க்கிறீர்கள். மண்டிக்காரன் வியாபாரி. 2021 ஜூலையில் எங்களுக்கும் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு கொடுத்தார்கள். ஆனால் அது வங்கிக் கடனில் முன்னுரிமைக்கு மட்டும்தான். பாக்கி வசூல் பாதுகாப்பு எங்களுக்குக் கிடையாது. தோப்புக்காரருக்கு அந்தப் பதிவும் இல்லை. மாங்கூழை அடைக்கிற டின்னுக்குச் சட்டம் இருக்கிறது, உள்ளே இருக்கிற மாங்காய்க்கு இல்லை. எங்களுக்கு இருக்கிற ஒரே பிடிமானம் உங்கள் வாய்ச்சொல். அதையும் எடுத்துக்கொண்டால் நாங்கள் எதை நம்பித் தோப்பில் போய் நிற்பது?

சட்டத்தைக் காட்டி மிரட்ட இதைச் சொல்லவில்லை. மரத்தில் பிஞ்சு கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிட்டது. பெங்களூரா பறிக்க இன்னும் இரண்டரை மாதத்துக்கு மேல் இருக்கிறது. பழக்கூழ் பானங்களுக்கு ஜிஎஸ்டியை 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்ததால் உள்நாட்டு விற்பனை கூடலாம் என்று உங்களில் சிலரே பேசுகிறீர்கள். நல்லது, கூடட்டும். அந்த நல்ல காலம் வரும்போது உங்கள் கேட்டுக்கு வண்டிகள் வர வேண்டும் என்றால், இந்த மோசமான காலத்தில் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதைத்தான் தோப்புக்காரர் நினைத்துப் பார்ப்பார். என் பகுதியில் மட்டும் போன ஆறு மாதத்தில் நாலு பேர் மாமரத்தை வெட்டி விறகுக்குப் போட்டுவிட்டார்கள். முப்பது வருஷத்து மரங்கள். மறுபடி வைத்தால் காய்ப்புக்கு வர எத்தனை வருஷம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நான் கேட்பது இவை.

அந்த மூன்று வரி அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். பங்குனி முடிவதற்குள் ஒவ்வொரு ஆலையும் இந்த சீசனில் ஏறக்குறைய எத்தனை டன் எடுக்கும், எந்தத் தேதியில் ஓட்டம் தொடங்கும், குறைந்தபட்ச ரேட் என்ன என்று எழுத்தில் சொல்லுங்கள். கையிருப்பை வெளியே சொன்னால் வெளிநாட்டுக்காரன் விலையை இடிப்பான் என்ற உங்கள் பயம் நியாயமானது. அதனால் ஆலைவாரியாகச் சொல்ல வேண்டாம். தோட்டக்கலைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கொடுங்கள். மாவட்டத்து மொத்தக் கணக்கை மட்டும் அவர்கள் வெளியிடட்டும், எங்களுக்கு அது போதும்.

கேட்டில் கொடுக்கும் சீட்டில் அன்றைய ரேட்டை எழுதிக் கொடுங்கள். வண்டி எத்தனை ராத்திரி நின்றாலும் அந்த ரேட்தான் செல்ல வேண்டும், எடையும் வந்து நின்ற நேரத்து எடையாக இருக்க வேண்டும். வரிசையைக் குறைக்க முந்தின நாளே டோக்கன் கொடுங்கள். டோக்கன் இல்லாத வண்டியை நாங்கள் கிளப்ப மாட்டோம்.

ஒவ்வொரு லோடிலும் நாலு பெட்டி காயை எங்கள் மண்டிச் சீட்டு கட்டித் தனியாக வையுங்கள். வெட்டும் நாளைச் சொல்லுங்கள், எங்கள் ஆள் ஒருவர் வருவார். அவர் கண்முன் பார்த்த பிரிக்ஸுக்கு எவ்வளவு கழிவு போட்டாலும் மறுபேச்சு பேச மாட்டோம். கல் வைத்த காய் எங்கள் லோடில் பிடிபட்டால் லோடு முழுவதையும் எங்கள் செலவில் திருப்பி எடுத்துக்கொள்கிறோம். யார் போட்டது என்று எல்லா மண்டிக்கும் சொல்லிவிடுகிறோம்.

பணத்தில் பாதி 7 நாளில், மீதி 45 நாளில். டின்காரருக்குக் கொடுக்கிற அதே கெடுவைத்தான் கேட்கிறேன். முடியாமல் போனால், முடியாது என்பதைக் கெடுவுக்கு முன்பே ஒரு தேதியோடு எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளைக் காட்டி நான் தோப்புக்காரரிடம் பேசிக்கொள்கிறேன்.

எங்கள் பக்கத்தில் முன்பணம் வாங்கிய டன் கணக்கை, வெளியே என்ன ரேட் ஏறினாலும், முதலில் உங்களுக்கு முடித்துவிட்டுத்தான் மற்றவருக்கு ஏற்றுவோம். நான் கையெழுத்துப் போடத் தயார். இன்னும் பதினெட்டு மண்டிக்காரர்களிடம் பேசியிருக்கிறேன், அவர்களும் போடுவார்கள்.

ஆட்சியர் முன்னிலையில் பேசுவதாக இருந்தால், காய் அழுகத் தொடங்கிய பின் ஜூனில் வேண்டாம். பங்குனியிலேயே வைக்கச் சொல்லி இரு தரப்பும் சேர்ந்து மனு கொடுப்போம். அதற்கு முன்னால் நாம் தனியாக ஒருமுறை உட்கார வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் மண்டியில் இடம் ஏற்பாடு செய்திருக்கிறேன். வருவீர்களா மாட்டீர்களா என்று வெள்ளிக்கிழமைக்குள் அதே வாட்ஸ்அப் குழுவில் சொல்லுங்கள். அந்தப் பதினோரு சீட்டையும் மேசை மேல் எடுத்து வைத்திருப்பேன். ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது என்று இரு பக்கமும் பேசுவதிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
சந்தூர் மாங்காய் மண்டிக்காரன்